செயலியின் பெயரோடு காசு கட்டும் வழியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவேரிப்பட்டணத்தில் பதினான்கு வருடமாக செல்போன் ரீசார்ஜ், சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உங்கள் நாளிதழ் காலை ஏழு மணிக்கே கடைக்கு வந்துவிடும். வாரம் ஒருமுறை வரும் தொழில்நுட்பப் பக்கத்தை என்னைவிட என் கடைக்கு வருபவர்கள்தான் அதிகம் படிக்கிறார்கள். "அண்ணா, இந்தச் செயலி நல்லா இருக்காம், ஏத்திக் குடுங்க" என்று பேப்பரை விரித்து விரலை வைத்துக் காட்டுவார்கள். ஏற்றிக் கொடுப்பது இரண்டு நிமிட வேலை. ஏற்றியதும் திறந்து பார்த்தால் காசு கேட்கும். அந்த இடத்தில்தான் பாதிப் பேர் போனை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

உங்கள் பக்கத்தில் செயலியின் பெயர் வருகிறது, அது என்ன செய்யும் என்று வருகிறது, கடைசியில் "கட்டணம் உண்டு" என்று இரண்டு வார்த்தை வருகிறது. எந்த வழியில் கட்டுவது, ஒரு தடவையா மாதாமாதமா, வேண்டாம் என்றால் எங்கே போய் நிறுத்துவது என்பது வந்ததே இல்லை. அதை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

போன வருடம் மாங்காய் சீசன் முடிகிற சமயம். நெடுங்கல் பக்கத்திலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாங்காய் மண்டியில் லோடு ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். ஒரு பாடச் செயலிக்கு மாதம் 399 ரூபாய். "தம்பி, நானூறா வச்சுக்க, பாப்பாவுக்குப் போட்டுக் குடு" என்று வியர்வையில் நனைந்திருந்த நோட்டுகளை எடுத்து நீட்டினார். வங்கிக் கணக்கு இருக்கிறது, ஆனால் அதில் பதிந்த நம்பர் எப்போதோ தொலைந்துபோன சிம்முடையது. ஏடிஎம் கார்டும் இல்லை. அப்புறம் யுபிஐ எங்கிருந்து வரும்? கையில் காசு இருக்கிறது, மகள் படிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, வாங்க வேண்டிய பொருள் திரையில் நிற்கிறது, ஆனால் அந்த நானூறு ரூபாயை உள்ளே செலுத்த வழி இல்லை.

நான் என்னுடைய யுபிஐ ஐடியை அந்தப் பெண்ணின் போனில் போட்டேன். என் போனுக்கு ஒப்புதல் கேட்டு வந்தது, பின் நம்பரை அழுத்தினேன், செயலி திறந்துவிட்டது. அந்த ஒரு மாதத்தில் இப்படி ஆறு பேருக்குச் செய்து கொடுத்தேன். உதவி என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் ஆறு பேருக்கும் என் கணக்கிலிருந்தே பணம் போயிற்று, மொத்தம் இரண்டாயிரத்துக்கு மேல். ரீசார்ஜில் நூறு ரூபாய்க்கு இரண்டோ மூன்றோ ரூபாய் கிடைக்கிற கடையில் இரண்டாயிரம் என்பது சின்னத் தொகை இல்லை. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் செயலியைப் போனிலிருந்தே நீக்கிவிட்டார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் எடுத்திருந்தது.

வங்கிக் கிளைக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர், நீங்கள்தானே ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள் என்றார். அது உண்மைதான், ஆனால் எப்படி நிறுத்துவது என்பதற்கு அவரிடமும் பதில் இல்லை. கடைசியில் பெங்களூரில் வேலை செய்கிற பக்கத்துக் கடைக்காரரின் மகன் லீவுக்கு வந்தபோது காட்டிக் கொடுத்தான். யுபிஐ செயலியில் நம் படத்தைத் தொட்டு உள்ளே போனால் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கிறது. நாம் யார் யாருக்கெல்லாம் மாதாமாதம் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் அங்கேயே ரத்து செய்து பின் நம்பரைப் போட்டால் தீர்ந்தது. அதோடு பிளே ஸ்டோரில் மேலே இருக்கும் நம் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்பதற்குள் போய் அங்கேயும் நிறுத்த வேண்டும். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் நம் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வரும். செயலியைப் போனிலிருந்து நீக்குவது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு. இந்த ஒரு வரியை உங்கள் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தால் எனக்கும் எங்கள் ஊரில் இன்னும் எத்தனையோ பேருக்கும் பணம் மிஞ்சியிருக்கும்.

யுபிஐயைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2016-ல் வந்த அந்த முறை இல்லையென்றால் எங்களைப் போன்ற சின்ன ஊர்களில் செயலி வாங்குவது என்ற பேச்சே இருந்திருக்காது. அதற்கு முன்னால் கிரெடிட் கார்டு கேட்பார்கள். எங்கள் தெருவில் கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். விலையும் அப்படித்தான். பிளே ஸ்டோரில் நம் நாட்டுக்கான குறைந்தபட்ச விலை ஐம்பது ரூபாயாக இருந்ததை 2015-ல் பத்து ரூபாயாகக் குறைத்தார்கள். பத்து ரூபாய்க்குச் செயலி வந்துவிட்டது, ஆனால் அந்தப் பத்து ரூபாயைக் கட்டுகிற வழி அப்போது கிராமத்துக்கு வரவில்லை. யுபிஐ வந்த பிறகுதான் வந்தது. சந்தாவுக்கு யுபிஐ ஆட்டோபே முறையை கூகுள் பிளே 2022 நவம்பரில்தான் கொண்டுவந்தது.

இதில் ரிசர்வ் வங்கியின் விதி ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்கு வருபவர்களில் பலர் அதைத் திட்டுகிறார்கள், நான் ஒத்துக்கொள்வதில்லை. 2021 அக்டோபர் 1 முதல், மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதென்றால் முதலில் நாம் ஓடிபி போட்டு ஒப்புதல் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும், குறிப்பிட்ட தொகைக்கு மேலே போனால் மறுபடியும் ஓடிபி வேண்டும். முதலில் அந்தத் தொகை 5,000 ரூபாயாக இருந்தது, 2022 ஜூனில் 15,000 ஆக்கினார்கள். இந்த விதி வந்தபோது வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றுக்கு நம் கார்டுகளில் பணம் எடுக்க முடியாமல் போயிற்று. ஆப்பிள் 2022-ல் இந்தியக் கார்டுகளை வாங்குவதையே நிறுத்திவிட்டது. யுபிஐ, நெட் பேங்கிங், முன்கூட்டியே கணக்கில் போட்டு வைக்கும் பேலன்ஸ் இவைதான் வழி என்றார்கள். ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பையன்கள் சிலர் அப்போது என்னிடம் வந்தார்கள். ஐபோன் போட்டோக்களை இணையத்தில் சேமித்து வைக்கும் ஐகிளவுட்டுக்கு மாதம் 75 ரூபாய் கட்ட முடியாமல், போட்டோவெல்லாம் அழிந்துவிடுமோ என்று பயந்து வந்தார்கள். யுபிஐயைச் சேர்த்துக் கொடுத்தேன், சரியாகிவிட்டது.

அந்தச் சிரமத்தைப் பார்த்தவன்தான் நான், ஆனாலும் விதி நல்லது என்கிறேன். அமெரிக்காவில் கார்டு நம்பரை ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும், நம்மைப் போல ஓடிபி கேட்கும் கட்டாயம் கிடையாது. அதனால் என்ன ஆயிற்று? அப்பா அம்மாவின் போனில் விளையாடிய குழந்தைகள் விளையாட்டுக்குள் வைரமும் காசும் வாங்கித் தள்ளினார்கள், வீட்டுக்குப் பில் வந்தது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் தலையிட்டு, 2014-ல் ஆப்பிள் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரும் கூகுள் 1 கோடியே 90 லட்சம் டாலரும் பெற்றோருக்குத் திருப்பிக் கொடுக்கும்படி ஆயிற்று. நம் ரிசர்வ் வங்கி இணையத்தில் கார்டு பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று 2009-லேயே கட்டாயமாக்கியது. ஆக, விதி நம்மைக் காக்கத்தான் இருக்கிறது. குறை எங்கே என்றால், முந்தின நாள் வருகிற அந்தத் தகவல் ஆங்கிலத்தில் வருகிறது, அதுவும் கடன் வேண்டுமா, லாட்டரி விழுந்திருக்கிறது என்று வரும் நாற்பது மெசேஜ்களுக்கு நடுவில். எனக்கும் வந்திருந்தது, நான் பார்க்கவில்லை. ஒரே ஒரு வரி, "நாளை உங்கள் கணக்கிலிருந்து 399 ரூபாய் எடுக்கப்படும், வேண்டாம் என்றால் இங்கே நிறுத்துங்கள்" என்று தமிழில் வந்திருந்தால் பார்த்திருப்பேன். வங்கிகள் இதைச் செய்ய வேண்டும். பேங்க் பாஸ்புக்கைத் தமிழில் அச்சிடச் சொல்லிக் கேட்ட ஊர் இது, இதையும் கேட்கலாம்.

அடுத்தது வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயம். எங்கள் மாவட்டத்திலும் தருமபுரி மாவட்டத்திலும் சிங்கப்பூர், துபாய், சவூதி என்று வேலைக்குப் போனவர்கள் வீடு நிறைய. அங்கிருந்து போன் வாங்கி வருவார்கள், அல்லது அங்கேயே பல வருடம் பயன்படுத்திய கணக்கோடு ஊருக்குத் திரும்புவார்கள். காரிமங்கலத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், கணவர் துபாயில் டிரைவர். பையனுக்குப் பிறந்தநாள் என்று அங்கே கடையில் கூகுள் பிளே கிஃப்ட் கார்டு வாங்கி, அந்த நம்பரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். இங்கே போட்டால் எடுக்கவே இல்லை. ஒரு நாட்டில் விற்ற கிஃப்ட் கார்டு அந்த நாட்டுக் கணக்குக்குத்தான் செல்லும், வேறு நாட்டுக் கணக்கில் ஏறாது. அது யாருக்குத் தெரியும்? கார்டின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கிறது. ஐம்பது திர்ஹம் அவருடைய சம்பளத்தில் எவ்வளவு நேரத்து உழைப்பு என்று நினைத்துப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. கார்டை அப்படியே வைத்திருங்கள், அவர் அங்கே தன் கணக்கில் போட்டுப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

நாடு மாறுவதும் அப்படித்தான். பிளே ஸ்டோரில் நம் நாடு எது என்பதை வருடத்துக்கு ஒரு தடவைதான் மாற்ற முடியும், மாற்றினால் பழைய நாட்டுப் பேலன்ஸை இங்கே செலவு செய்ய முடியாது. ஆப்பிளில் பேலன்ஸைத் தீர்த்து, சந்தாக்களை நிறுத்தி முடித்தபிறகுதான் நாட்டை மாற்றவே விடும். சிங்கப்பூரிலிருந்து நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே அந்தப் பேலன்ஸைச் செலவு செய்துவிடுவது நல்லது. இதை நான் கடையில் சொல்வது பத்து பேருக்குப் போய்ச் சேரும், நீங்கள் எழுதினால் துபாயில் பேப்பரை இணையத்தில் படிக்கிறவர்களுக்கும் போய்ச் சேரும். 2023-லிருந்து சிங்கப்பூர், அமீரகம், சவூதி, ஓமன், கத்தார் உட்படப் பத்து நாட்டு நம்பர்களை வைத்தே, வெளிநாட்டில் இருப்பவர்கள் நம் வங்கிகளில் வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் யுபிஐ பயன்படுத்த அனுமதி வந்திருப்பதும் பலருக்குத் தெரியாது.

மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். ராத்திரி கடை சாத்தியபிறகு இதையே இரண்டு வாரம் படித்தேன். கென்யாவைப் பற்றிப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அங்கே 2007-ல் எம்-பெசா என்ற முறை வந்தது. வங்கிக் கணக்கே வேண்டாம். என்னைப் போன்ற சின்னக் கடைக்காரரிடம் ரொக்கத்தைக் கொடுத்தால் அது போன் நம்பரில் பணமாக ஏறிவிடும், அந்தப் பணத்தைக் கொண்டே பிளே ஸ்டோரில் செயலி வாங்கலாம். நெடுங்கல்காரர் கென்யாவில் இருந்திருந்தால் அவருடைய நானூறு ரூபாய் அவர் பெயரிலேயே உள்ளே போயிருக்கும், என் கணக்கு நடுவில் வந்திருக்காது.

ஜப்பானிலும் மெக்சிகோவிலும் பிளே ஸ்டோரில் வாங்குவதற்குப் பக்கத்துக் கடையில் ரொக்கமாகவே கட்டலாம். போனில் வாங்குகிறேன் என்று அழுத்தினால் ஒரு நம்பர் வரும், அதைக் கடையில் காட்டிப் பணம் கட்டும் வரை அந்த வாங்குதல் நிலுவையில் நிற்கும், கட்டியதும் செயலி திறக்கும். பணக்கார நாடான ஜப்பானிலேயே ரொக்கத்துக்கு இடம் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். போன் பில்லோடு சேர்த்துக் கட்டும் முறையும் அங்கே உண்டு, நம் ஊரில் பெரும்பாலோர் ப்ரீபெய்டு, பில் என்ற ஒன்றே கிடையாது, அதனால் அது நமக்குப் பெரிதாகப் பொருந்தாது. பிரேசிலில் மத்திய வங்கியே 2020 நவம்பரில் பிக்ஸ் என்று நம் யுபிஐ மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. போனிலேயே பணம் கட்டும் முறைகளில் இந்தோனேசியாவில் கோபே, சீனாவில் ஆப்பிள் கடைக்கு அலிபே, வீசாட் பே. ஒவ்வொரு நாட்டிலும் அந்த ஊர் மக்கள் கையில் எது இருக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளும்படி இந்தப் பெரிய கடைகள் வளைந்து கொடுத்திருக்கின்றன. ரஷ்யாவில் மட்டும் கதை தலைகீழ். 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு வெளியேறின, பிளே ஸ்டோரும் பணம் வாங்குவதை நிறுத்தியது, காசு வைத்திருந்தவரும் வாங்க முடியவில்லை.

கென்யாவிலும் ஜப்பானிலும் முடிகிறது என்றால் காவேரிப்பட்டணத்திலும் முடியும். கடை இருக்கிறது, கடைக்காரர் இருக்கிறார், ரொக்கத்தோடு வாடிக்கையாளர் நிற்கிறார். இப்போதைக்கு நான் செய்வது கூகுள் பிளே ரீசார்ஜ் கோடு விற்பது, அதுவும் கிஃப்ட் கார்டு மாதிரிதான். நான் என் யுபிஐயில் கூகுள் பிளே கோடு வாங்கி, ரொக்கம் வாங்கிக்கொண்டு அந்த நம்பரை அவர்கள் போனில் ஏற்றிக் கொடுக்கிறேன். ஏற்றிய பணம் அவர்கள் கணக்கில் பேலன்ஸாக நிற்கும், வேறு கார்டோ யுபிஐயோ சேர்க்காத கணக்கென்றால் அந்தப் பேலன்ஸுக்கு மேல் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. பசங்க கையில் போன் கொடுக்கிற வீட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. அந்த நீட் படிக்கிற பெண்ணுக்கும் இப்போது இப்படித்தான் செய்து கொடுக்கிறேன், அவள் அப்பா மாதம் பிறந்தால் நானூறு ரூபாயோடு வந்துவிடுகிறார்.

கோடு விற்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. ஒருநாள் மதியம் ஒரு பெண் வேகமாக வந்து ஐயாயிரம் ரூபாய்க்குக் கோடு வேண்டும் என்றார். ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர். எதற்கும்மா இவ்வளவு என்று கேட்டேன். முதலாளி மீட்டிங்கில் இருக்கிறாராம், அவசரமாக வாங்கி நம்பரை அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப்பில் கேட்டாராம். நம்பர் புதிது, போட்டோ மட்டும் முதலாளியுடையது. நீங்கள் அவருடைய பழைய நம்பருக்கு ஒரு போன் போடுங்கள், அப்புறம் தருகிறேன் என்றேன். போட்டார், முதலாளி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். கோடு நம்பரை ஒருவருக்குச் சொல்லிவிட்டால் அது ரொக்கத்தைக் கொடுத்ததற்குச் சமம். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிட வேண்டும். எந்த அலுவலகமும் எந்த அதிகாரியும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்குவதில்லை.

சரி, நான் கேட்பதற்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் ஒரு செயலியைப் பற்றி எழுதும்போது அதற்குக் கீழே நான்கு வரி சேருங்கள். விலை எவ்வளவு, ஒருமுறையா மாதாமாதமா என்பது ஒன்று. மூன்று நாள் இலவசம் என்று போட்டிருந்தால் நான்காவது நாள் எவ்வளவு எடுப்பார்கள் என்பதையும் அதிலேயே சொல்லுங்கள், ஏனென்றால் இலவசம் என்று அழுத்தும்போதே ஆட்டோபே ஒப்புதலையும் வாங்கிவிடுகிறார்கள். யுபிஐ, ரீசார்ஜ் கோடு, நெட் பேங்கிங் இதில் எதில் கட்டலாம் என்பது அடுத்தது. நிறுத்த எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி. பிளே ஸ்டோரில் தவறி வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பதையும் நினைவுபடுத்துங்கள். சில செயலிகள் ஐபோனுக்குள் வாங்கினால் ஒரு விலை, அவர்களுடைய இணையதளத்தில் வாங்கினால் அதைவிடக் குறைந்த விலை என்று வைத்திருக்கின்றன. ஆப்பிள், கூகுள் கடைகள் கமிஷன் பிடிப்பதால் இப்படி. அந்த வித்தியாசம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இடம் போதாது என்றால் செயலியின் பெரிய படத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள், படத்தை நாங்கள் போனிலேயே பார்த்துக்கொள்வோம்.

முதல் தடவை அப்படி வருகிற பக்கத்தை வெட்டி, ரீசார்ஜ் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில், ரொக்கம் நீட்டுகிறவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
செல்போன் கடைக்காரர் ஒருவர்,
காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.